மறந்துபோனவரின் ரகசியம்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில், 1986ஆம் ஆண்டில். 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. தாம்பரமும் அவற்றுள் ஒன்று. சாவை எதிர்நோக்கியிருந்த பலர் இன்று முதுமையைக் காண்கிறார்கள். இதற்காக இறைவனுக்கு நன்றி கூறும் நாம், இந்நோயின் இன்னொரு முகத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இக்கிருமி மூளையையும் தாக்குகிறது.

கடுமையான மறதி நோய் சிகிச்சையால் இன்று குறைந்துவிட்டது. எனினும் தாமதமாகச் சிகிச்சைக்கு வருவோரிடமும், மருந்தை இடையில் நிறுத்தியவர்களிடமும் அது தலைகாட்டுகிறது. பேச்சும் நடையும் மந்தமாகும். சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறும். எதிலும் நாட்டம் இராது. வீட்டார் இதைச் சோம்பல் என்று திட்டுவதுண்டு. திட்டுவதை விட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மூளைக்காய்ச்சல், மனச்சோர்வு போன்ற குணப்படுத்தக்கூடியவையும் இதே தோற்றத்தில் வரலாம்.

மறதியால் மாத்திரை தவறுகிறது. மாத்திரை தவறுவதால் கிருமி பெருகி மறதி முற்றுகிறது. எனவே தினமும் ஒரே நேரத்தில் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை உடனிருப்பதே பராமரிப்பின் முதல் பணி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்வது, பொருள்களை இடம் மாற்றாதிருப்பது, இரவில் கழிப்பறை வழியில் விளக்கு எரிவது எல்லாம் செவிலியம்தான்.

இதை யார் செய்வது? படுக்கை வசதியுடன் இயங்கிய சமூகப் பராமரிப்பு மையங்களின் இடத்தில் 2013 முதல் படுக்கையில்லா ஆதரவு மையங்கள் வந்தன. சுமை வீட்டுக்கு வந்தது. பல வீடுகளில் அதைச் சுமக்கும் மனைவியும் அதே மாத்திரையை உண்பவர்.

அவர் உதவி கேட்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. சம்மதமின்றி ஒருவரின் எச்.ஐ.வி. நிலையைப் பிறர் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நோயாளியே தன்னிலை மறந்து, வந்தவரிடம் சொல்லிவிட்டால்? அந்த அச்சத்தில்தான் கதவு சாத்தப்படுகிறது.

நோயாளிகளைச் சந்திக்கும் நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் நோயின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. மறதி இருக்கிறது என்பது போதும். தொடுவதாலும் உணவூட்டுவதாலும் எச்.ஐ.வி. தொற்றாது, இரத்தம் படக்கூடிய வேலையில் கையுறை அணிவது எந்த நோயாளிக்கும் பொதுவான விதி. அவர் வாய்தவறிச் சொன்னதை, செபக்கூட்டத்தில் மன்றாட்டாகக்கூட வெளியிடலாகாது. (செப உதவி கேட்கும் சாக்கில் எத்தனை செய்திகள் பரவுகின்றன என்பது நமக்குத் தெரியாததல்ல.) மாதத்தில் ஒரு காலைப்பொழுது நாம் அவரருகில் அமர்ந்தால், மனைவி ஏ.ஆர்.டி. மையத்துக்குச் சென்று தன் மாத்திரையை வாங்கி வரலாம்.