இலவசக் கையின் விலை என்ன?

வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் செய்தி பேப்பரில் வந்துவிடும். ஏதோ ஒரு கல்லூரி. நாலு மாணவர்கள். நடுவில் மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் கை. பக்கத்தில் துறைத் தலைவர் சிரித்துக்கொண்டு நிற்பார். குறைந்த விலையில் செயற்கைக் கை, மாணவர்கள் சாதனை என்று தலைப்பு. நாமும் பார்த்துவிட்டு, நாலு பேருக்கு ஃபார்வேர்ட் பண்ணிவிட்டு, நம்ம வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

இன்னொரு வகைப் போட்டோவும் உண்டு. கல்யாண மண்டபத்தில் இலவசச் செயற்கை அவயவ முகாம். மேடையில் பிரமுகர்கள், பொன்னாடை, பின்னால் பேனர். இத்தனை பேருக்கு வழங்கப்பட்டது என்று ஒரு எண்.

என் கேள்வி ரொம்பச் சின்னது. போன வருடம் கொடுத்த கை இப்போது எங்கே இருக்கிறது? அவர் மாட்டிக்கொண்டிருக்கிறாரா, இல்லை பரண் மேல் தூங்குகிறதா?

நான் இன்ஜினியரிங் இல்லை மக்களே, பி.காம். சர்க்யூட் போட்டால் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் விலை வேறு, செலவு வேறு என்பதை மட்டும் மூன்று வருடமாக மண்டையில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டுதான் இந்தச் சண்டை. சொல்ல வருவது இதுதான்: நம்ம ராமநாதபுரம் கடற்கரைக்கு இன்னொரு புது டிசைன் கை வேண்டாம். இருக்கிற கையைச் சரியாக அளவெடுத்து மாட்டவும், கயிறு அறுந்தால் அன்றைக்கே மாற்றவும் ஒரு பட்டறை வேண்டும். அது இல்லாதவரை குறைந்த விலை என்பதெல்லாம் சும்மா.

முதலில் அந்த பிளாஸ்டிக் கையின் கதையைப் பார்ப்போம். நல்ல கதைதான்.

2011ல் தென்னாப்பிரிக்காவில் ரிச்சர்ட் வான் ஆஸ் என்ற தச்சர் மரவேலையின்போது விரல்களை இழந்தார். விற்கிற செயற்கை விரல்களின் விலையைப் பார்த்து மிரண்டுபோய், தானே செய்யலாம் என்று இறங்கினார். அமெரிக்காவில் ஐவன் ஓவன் என்பவர் ஒரு பெரிய பொம்மலாட்டக் கை செய்து வீடியோ போட்டிருந்தார். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தபடி இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள். பிறகு, பிறவியிலேயே ஒரு கையில் விரல் இல்லாத ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்குக் கை செய்தார்கள். 2013 ஆரம்பத்தில் அந்த டிசைனை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியே விட்டுவிட்டார்கள். அதே வருடம் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஷல், பிரிண்டர் வைத்திருப்பவர்களையும் கை தேவைப்படுபவர்களையும் சேர்த்துவைக்க 'இ-நேபிள்' என்ற தன்னார்வலர் குழுவைத் தொடங்கினார். அதிலிருந்து கிளைத்ததுதான் நம்ம ஊர் கல்லூரிகளில் பார்க்கும் பாதிக் கைகள்.

வேலை செய்யும் விதம் எளிமை. மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. மணிக்கட்டை மடக்கினால் கயிறு இழுபடும், விரல்கள் மூடும். நிமிர்த்தினால் ரப்பர் இழுத்து விரல்கள் திறக்கும். வளரும் குழந்தைக்கு இது வரப்பிரசாதம். கை சின்னதாகிவிட்டால் கம்ப்யூட்டரில் அளவைப் பெரிதாக்கி இன்னொன்று அடித்துக்கொள்ளலாம். இதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் இதையே அப்படியே பாம்பனில் மீன்பிடிக்கும் ஒரு அண்ணனுக்கு மாட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

1. மணிக்கட்டு இருந்தால்தான் இந்தக் கை வேலை செய்யும். மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டால் முழங்கையால் இயக்கும் வேறு மாடல் வேண்டும். விசைப்படகின் விஞ்சில் சிக்கிய கையும், ஐஸ் உடைக்கும் மெஷினில் போன கையும், தடையை மீறி வெடி போட்டு மீன் பிடிக்கும்போது போன கையும் மணிக்கட்டோடு மரியாதையாக நிற்பதில்லை.

2. இந்தக் கைகளுக்கு அதிகம் பயன்படுத்துவது பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக். சுமார் 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். மே மாத வெயிலில் தனுஷ்கோடி ரோட்டில் பைக் டேங்க் மேல் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.

3. உப்புக்காற்று. ஸ்க்ரூ சாதா இரும்பாக இருந்தால் துருப்பிடிக்க எத்தனை நாள் ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

4. பிடி. தண்ணி பாட்டிலைப் பிடிக்கும், பந்தைப் பிடிக்கும். ஐஸ் பெட்டியைத் தூக்காது, நனைந்த வலையை இழுக்காது.

இதில் டிசைன் செய்தவர் மேல் தப்பே இல்லை. பள்ளிக்கூடம் போகிற குழந்தையை மனதில் வைத்துச் செய்ததைக் கடலுக்கு அனுப்பினால் அது என்ன செய்யும், பாவம்!

இப்போது தமாஷைப் பாருங்கள். அந்த விரல்களை இழுக்கும் கயிறாகப் பலரும் பயன்படுத்துவது தூண்டில் நரம்பு! இராமேஸ்வரத்தில் நரம்பில் முடிச்சுப் போடத் தெரியாத ஆள் உண்டா? வலை பொத்துகிறவர், படகு கட்டுகிற ஆசாரி, இன்ஜின் மெக்கானிக், லேத் பட்டறைக்காரர் என்று கையால் யோசிக்கிறவர்கள் வரிசையாக இருக்கிற ஊர் இது. 'மேக்கர் கம்யூனிட்டி' என்று பெங்களூரில் ஏசி ரூம் போட்டுத் தேடுவது இங்கே துறைமுகத்தில் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. அதுதான் என் கோபம்.

சரித்திரத்தைப் பார்த்தாலும் இதே கதைதான். இன்றைக்கும் உலகம் முழுக்க உழைப்பாளிகள் மாட்டுவது இரண்டாகப் பிரிந்து திறக்கும் கொக்கி. அதற்கு 1912ல் காப்புரிமை வாங்கிய டேவிட் டோரன்ஸ், கலிபோர்னியாவில் மர அறுவை ஆலையில் வலது கையை இழந்த தொழிலாளி. நூறு வருடம் தாண்டியும் அந்தக் கொக்கியை ஓரங்கட்ட முடியவில்லை. 1960களின் கடைசியில் வந்த ஜெய்ப்பூர் காலை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் பி.கே. சேத்திக்கு 1981ல் மகசேசே விருது கிடைத்தது. அவரோடு சேர்ந்து அந்தக் காலை உருவாக்கிய ராம் சந்திர சர்மா, அதிகம் படிக்காத ஒரு கைவினைஞர். தரையில் சம்மணம் போட, குத்தவைக்க, வெறுங்காலோடு சேற்றில் நடக்க எது வேண்டும் என்று பார்த்துச் செய்தார்கள். ரப்பரும் மரமும்தான் பொருள். உள்ளூரில் செய்யலாம், உள்ளூரில் ரிப்பேர் பண்ணலாம். அதனால்தான் அது பரவியது. தனுஷ்கோடியிலிருந்து கடல்வழியே சுமார் 30 கிலோமீட்டரில் இலங்கை. அங்கே யாழ்ப்பாணத்தில் போர் நடந்த காலத்திலேயே ஜெய்ப்பூர் முறையில் உள்ளூரில் கால் செய்து மாட்டினார்கள். குண்டு விழுந்த ஊரில் முடிந்தது.

இனி நம்ம ஊர்ப் பெருமைக்கு வருவோம். கலாம் ஐயா பெயரைச் சொல்லாத மேடை இந்த மாவட்டத்தில் கிடையாது. கனவு காணுங்கள் என்று பேசாத ஆண்டு விழாவும் கிடையாது. ஆனால் அவரே பல கூட்டங்களில் சொன்ன ஒரு விஷயத்தை நாம் வசதியாக மறந்துவிட்டோம். ஹைதராபாத்தில் ஏவுகணை வேலையில் இருந்தபோது, நிம்ஸ் மருத்துவமனையின் எலும்பு டாக்டர் ஒருவர் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஏவுகணைக்கான பொருளைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். கையோடு கலாமை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரை மாட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். மூன்றே வாரத்தில் 300 கிராமில் ஒரு காலிப்பர் தயாரானது.

எடை குறைந்ததை மட்டும் பார்க்காதீர்கள், வரிசையைப் பாருங்கள். முதலில் மருத்துவமனைக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தார்கள். அப்புறம்தான் டிசைன். நம்ம ஃபைனல் இயர் புராஜெக்டில் முதலில் டிசைன், அப்புறம் பரிசு, அப்புறம் போட்டோ. மாட்டிக்கொள்ளப் போகிறவர் கடைசியில் வருவார், அதுவும் போட்டோவுக்கு.

சரி, கணக்குக்கு வருவோம். (எங்க ஏரியா!)

கை இலவசம். முகாமில் கொடுத்தாகிவிட்டது. விலை பூஜ்யம். இரண்டு மாதத்தில் கயிறு அறுகிறது, இல்லை சாக்கெட் உராய்ந்து புண்ணாகிறது. சாக்கெட் என்பது மீதமிருக்கும் கை உள்ளே நுழையும் குழிப்பகுதி. உண்மையில் செயற்கைக் கையின் உயிரே அங்கேதான் இருக்கிறது, ஆடுகிற விரல்களில் இல்லை. நம்ம ஊர் வேர்வைக்கு அது சரியாகப் பொருந்தாவிட்டால் ஒரு நாள்கூட மாட்ட முடியாது. இப்போது அவர் மதுரைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு, துணைக்கு வருகிறவருக்கும் போச்சு. தலைக்கு 700 என்று போட்டால் 1,400. பஸ், சாப்பாடு இரண்டுக்குமாக 600. ஒரு தடவை போய்வர 2,000 ரூபாய். அளவெடுக்க, சரிபார்க்க, திருத்த என்று மூன்று தடவை போனால் 6,000. எண்களெல்லாம் என் உத்தேசம்தான், உங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். பூஜ்யம் மட்டும் வராது. இலவசக் கை வாங்க வசதி வேண்டும் என்பதுதான் இந்தக் கணக்கின் விடை.

அதனால் அவர் போகமாட்டார். கழற்றி வைத்துவிடுவார். நம்ம ஏட்டில் மட்டும் அவர் என்றென்றைக்கும் ஒரு பயனாளி.

கழற்றி வைப்பது சின்ன விஷயமும் இல்லை. பிடிஸ், சாவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 25 வருட ஆய்வுகளைத் தொகுத்து 2007ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உடல் அசைவால் இயங்கும் செயற்கைக் கையைக் குழந்தைகளில் சராசரியாக 45 சதவீதம் பேரும், பெரியவர்களில் 26 சதவீதம் பேரும் வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். மின்சாரத்தில் இயங்கும் கையிலும் முறையே 35, 23. அதாவது விலை கூடிய கை கொடுத்தாலும் நாலில் ஒன்று அலமாரிக்குப் போகிறது. பெரும்பாலும் வசதியான நாடுகளின் கணக்கு இது. வந்து மாட்டிவிட்டு அன்று மாலையே வண்டி ஏறிப் போகும் முகாம்களின் கணக்கு எப்படி இருக்கும்?

ஏதோ நல்லது செய்கிறார்கள், அதையும் குறை சொன்னால் எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பதில்: கை இல்லாமல் வாழப் பழகிய ஒருவர், பெரிய தயக்கத்துக்குப் பிறகுதான் முகாமுக்கு வருகிறார். ஊரே பார்க்க மேடையேறுகிறார். அந்தக் கை பொருந்தாமல் போனால் அடுத்த முறை நிஜமாகவே நல்ல கை வந்தாலும் வரமாட்டார். நம்முடைய ஒரு நாள் புண்ணியம் அவருடைய பத்து வருட நம்பிக்கையைத் தின்றுவிடும். இது நஷ்டக் கணக்கில் வர வேண்டாமா?

பழைய பாம்பன் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1914ல் திறந்தது. துருவுக்குப் பேர்போன கடல் நடுவே 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. வெள்ளைக்காரன் நல்ல இரும்பு போட்டான் என்பது மட்டும் காரணமா? திறப்பு விழா முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடாமல், தலைமுறை தலைமுறையாகத் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்த கேங்மேன்கள் காரணம் இல்லையா? பாலத்துக்குப் புரிந்த விஷயம் கைக்கு ஏன் புரியவில்லை?

திட்டிவிட்டு மட்டும் போனால் நல்லா இருக்காது. என்ன செய்யலாம்?

ஒன்று: எண்ணுகிற நாளை மாற்றுங்கள். முகாம் நடத்துகிற சங்கமோ, கல்லூரியோ, அரசோ, கொடுத்த அன்றைக்கு எண்ண வேண்டாம். ஒரு வருடம் கழித்து இன்னும் மாட்டியிருப்பவர்களை எண்ணிப் பேப்பரில் போடட்டும். அந்த எண்ணுக்குப் பொன்னாடை போர்த்தலாம்.

இரண்டு: மாவட்டத்துக்குள் ஒரு பட்டறை. ராமநாதபுரத்துக்கு 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்கள் வருகின்றன. இரண்டில் ஒன்றில் இடம் கொடுங்கள். அளவெடுப்பதும் சாக்கெட் செய்வதும் முறையாகப் படித்தவர் வேலை, அதில் விளையாடக் கூடாது. கயிறு மாற்ற, ஸ்க்ரூ மாற்ற, கொக்கிக்கு ரப்பர் போட, உடைந்த விரலுக்கு வேறு அடித்துக் கொடுக்க உள்ளூர் ஐ.டி.ஐ. பிள்ளைகள் இருவருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். அந்த த்ரீ-டி பிரிண்டர் அங்கே இருக்கட்டும், நம்ம கல்லூரி லேபில் தூசி அடைவதைவிட.

மூன்று: மாட்டுகிறவரைக் கேளுங்கள். வேலைக்குக் கொக்கி, கல்யாண வீட்டுக்கு விரல் வைத்த கை என்று ஒரே சாக்கெட்டில் இரண்டையும் மாற்றி மாட்டலாம். மீன் அறுக்கிற அக்காவுக்கு ஒன்று தேவை, கடல்பாசி எடுக்கிற அம்மாவுக்கு வேறொன்று. வெடியில் கை போனவர், எப்படிப் போனது என்று எழுதச் சொல்லும் ஃபார்மைப் பார்த்தால் வருவாரா என்றும் யோசியுங்கள்.

இதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, அதனால் பரிசும் கிடைக்காது. பட்டறை மேசையைப் போட்டோ எடுத்தால் நன்றாகவும் இருக்காது. ஆனால் கை மாட்டியவர் மறுநாளும் மாட்டுவார்.

அடுத்த தடவை அந்தச் செய்தி உங்கள் போனுக்கு வரும்போது ஃபார்வேர்ட் பண்ணுவதற்கு முன், அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கயிறு அறுந்தா அவரு எங்க போகணும்?"

பி.கு.: இன்ஜினியரிங் நண்பர்கள் ஆட்டோவில் ஆள் அனுப்புவதற்கு முன், உங்கள் கல்லூரியில் செய்த கையை இன்றைக்கும் மாட்டியிருக்கும் ஒருவரைப் பற்றி எழுதுங்கள். சந்தோஷமாக நானே ஃபார்வேர்ட் பண்ணுகிறேன் :-)