பூட்டு வேண்டாம், பதிவு முகாம் வேண்டும்

திருப்பதி – காளஹஸ்தி சாலையிலுள்ள ஏர்பேட்டில் ஐ.ஐ.டி., ஐசர் எனும் மத்தியக் கல்வி நிறுவனங்கள் எழுந்துள்ளன. இத்தகைய ஊர்களில் கட்டுமானத் தொழிலாளரும் லாரி ஓட்டுநரும் பசியாறுவது சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளில்தான். உரிமம் இல்லையென்று அவற்றை மிரட்டுவது எளிது. ஆனால், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டமே சிறு உணவு வணிகருக்கு உரிமத்திலிருந்து விலக்களித்து, பதிவு போதும் என்கிறது. 2011ஆம் ஆண்டின் விதிமுறைகள் அதற்கு நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமோ நகர்ப்புறத்தோடு நின்றுவிட்டது. கிராமத்துக் கடைக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

அசுத்த நீரும் கெட்ட எண்ணெயும் முதலில் தாக்குவது உழைப்பாளியின் வயிற்றைத்தான். ஆகவே, பரிசோதனை அவசியம். அதற்கு முன்னதாக ஊராட்சிதோறும் பதிவு முகாமும் குடிநீர்க் குழாயும் வர வேண்டும். கடையைப் பூட்டினால் சமைப்பவரின் பிழைப்பும் உண்பவரின் சோறும் ஒருசேரப் பறிபோகும். நமது கிளைகள் இக்கோரிக்கையைக் கையிலெடுக்க வேண்டும்.