எடுத்தலும் எழுதித் தள்ளுதலும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர்களை மருட்டுவன அருஞ்சொற்கள் அல்ல, எளிய சொற்களே. ‘பிக்’, ‘அப்’ இரண்டும் சிறுவர்க்கும் தெரிந்தவை. இரண்டும் இணைந்து ‘பிக் அப்’ என நின்றவுடன் பொருள் கைநழுவுகிறது. விழுந்த எழுதுகோலை எடுத்தல், நிலையத்திலிருந்து ஒருவரை வண்டியில் ஏற்றிவருதல், ஆசிரியரின்றி ஒரு மொழியைப் பழகிக்கொள்ளுதல், மந்தமான வணிகம் சூடுபிடித்தல் ஆகிய அனைத்திற்கும் அவ்வொரு தொடரே. ‘மேலே’ என்னும் பொருள் முதலாவதில் மட்டுமே வெளிப்படையாக உள்ளது.

இதற்கு நாம் அளிக்கும் மருந்து மனப்பாடம். பட்டியலை உருப்போட்ட மாணவன் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறான். இத்தகைய வினையாட்சி தன் தாய்மொழியிலும் உண்டென்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

எழுதினான், எழுதிக்கொண்டான், எழுதிவைத்தான், எழுதித் தள்ளினான், எழுதித் தொலைத்தான் என்னும் ஐந்தையும் நோக்குக. செயல் ஒன்றே, தன்பொருட்டு எழுதியதும், பின்னைப் பயன் கருதி எழுதியதும், மிகுதியாக எழுதியதும், வெறுப்புத் தோன்றக் கூறியதும் துணைவினையால் வேறுபடுகின்றன. ‘தள்ளினான்’ என்பதில் தள்ளுதல் எங்கே? ‘அப்’ தன் பொருளை இழந்தவாறே இதுவும் இழந்து புதுப்பொருள் பெற்றது.

இரண்டும் அமைப்பால் ஒன்றல்லவே என்பர் சிலர். உண்மையே. ஆங்கிலத்தில் பின்வருவது சிறுசொல். தமிழில் பின்வருவது மற்றொரு வினை. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையில் மூன்றாவது வழியொன்றையும் காணலாம். ‘பிராந்த்ர்’ என்றால் எடுத்தல். அதற்கு முன்னொட்டுச் சேர்த்து ‘அப்ராந்த்ர்’ எனக் கற்றலையும், ‘கொம்ப்ராந்த்ர்’ எனப் புரிந்துகொள்ளுதலையும் பிரெஞ்சுக்காரர் குறிப்பர். வழிகள் மூன்று, நோக்கம் ஒன்று: பழகிய வினையைக் கொண்டு புதுப்பொருள் உணர்த்தல். இவ்வொப்புமையை உணர்ந்த மாணவனுக்கு அச்சம் நீங்கும்.

தொல்காப்பியமும் நன்னூலும் துணைவினைக்கெனத் தனி இயல் வகுக்கவில்லை. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி துணைவினைப் பொருள்களைத் தனியே பிரித்துக் காட்டியது. வகுப்பறையோ இன்னும் அதனைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

இதனால் வரும் இழப்பு ஆங்கிலத் தேர்வோடு நிற்பதன்று. ‘பிக்கப் பண்ணு’ என்பது இன்று ஏற்றிவருதலையும் பழகிக்கொள்ளுதலையும் ஒருங்கே விழுங்குகிறது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ‘ஏலம் சூடுபிடித்தது’ என்பதற்கு மாறாக ‘ஏலம் பிக்கப் ஆயிற்று’ என்று சொல்லும் நாள் வந்தால், நாம் இழப்பது ஒரு சொல்லை மட்டுமன்று. வினைதோறும் பொருள் நுணுக்கம் காணும் பழக்கத்தையும்.

ஆகவே தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் வாரம் ஒரு மணிநேரமேனும் ஒரே வகுப்பில் இணைந்து கற்பித்தல் வேண்டும். அதற்குப் புதுச் செலவில்லை. இருவர் மனம் ஒப்பினால் போதும். தமிழ் வினையை நன்கறிந்தவனுக்கு ஆங்கில வினை அயலாகத் தோன்றாது.