தண்டனை யாருக்கு?

2009 நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம், உள்ளமைப்பு மாற்றப்பட்ட எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிகளை இணைய விளையாட்டிலிருந்து விலக்கியது. விளையாட்டுகளின் திருட்டுப் படிகளை இயக்கவே பலர் அவற்றை மாற்றியிருந்தனர். அத்தகையோரை விலக்கியது முறையே. ஆயினும் தடை விழுந்தது ஆளின்மீதன்று, கருவியின்மீது. கோபாலபுரத்து மாணவன் ஒருவன், ரிச்சி தெருவில் அத்தகைய பழைய கருவியொன்றை அறியாமல் வாங்கினால், முன்னவன் செய்த பிழைக்கு அவனன்றோ தண்டம் செலுத்துகிறான்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 65-ஏ பிரிவு, தொழில்நுட்பப் பூட்டை உடைத்தவனின் நோக்கத்தை வினவுகிறது. பிறர் உரிமையை மீறும் எண்ணம் இருந்தால்தான் ஈராண்டுவரை சிறை. கருவிக்கு விதிக்கும் தடையோ நோக்கத்தையும் பாராது, உரியவன் மாறியதையும் பாராது. விற்ற பொருளின்மீதும் இத்துணை அதிகாரம் செலுத்துவோர், தடைபட்ட கருவி எதுவென்று வாங்குவோர் முன்னரே அறிய வழி செய்தல் வேண்டும்.