நுரை வந்தால் சுத்தமா?

“நுரை வருது பாருண்ணா, அழுக்கெல்லாம் எப்படிக் கிளம்புது!”

சொன்னவன் என் சித்தப்பா மகன். தர்மபுரி மாவட்டத்து அதியமான்கோட்டையில் சேலம் ரோட்டை ஒட்டிப் புதுவீடு கட்டி, குளியலறைத் தரைக்கு ராஜஸ்தானிலிருந்து வந்த வெள்ளை மார்பிள் போட்டவன். போர் தண்ணீரின் உப்புப் படிந்து தரை மங்கிவிட்டதாம். மேஸ்திரியிடம் கேட்டானாம். “அரை பாட்டில் ஆசிட்டை ஊத்தித் தென்னந்துடைப்பத்தால தேய்ங்க, புதுசாயிடும்” என்றாராம் அவர். நான் போய்ச் சேர்ந்த நேரம், மடித்துக் கட்டிய வேட்டியும் மூக்கைச் சுற்றிய துண்டுமாக, தரையெல்லாம் பொங்கும் நுரையைப் பார்த்துப் பூரித்து நின்றுகொண்டிருந்தான்.

தம்பி, கிளம்பியது உன் தரை.

உப்புக்கறை என்று நாம் சொல்வது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மார்பிளும் அதே கால்சியம் கார்பனேட்தான். எது கறை, எது கல் என்று ஆசிட்டுக்கு ஆள் அடையாளம் தெரியாது. இரண்டையும் சேர்த்தே தின்னும். தின்னும்போது கரியமில வாயு குமிழியாக வெளியே வரும். ஊரே அழுக்கு என்று நினைத்துக் கைதட்டுவது அந்தக் குமிழிக்குத்தான். காய்ந்த பிறகு குனிந்து பார்த்தால், முகம் தெரிந்த இடம் வெளிறிக் கிடக்கும். விரலால் தடவினால் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்பில் அடுத்த வாரத்து உப்பு இன்னும் கெட்டியாக ஒட்டும். அதற்கு இன்னொரு பாட்டில். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இதுதான். கொளுத்தியவன் ஒருமுறையோடு நிறுத்தினான். நம் ஆட்கள் மாதாமாதம் கொளுத்துகிறார்கள்.

இதே வீட்டின் கொல்லையில் சித்தி துணி துவைக்கும் கல் ஒன்று கிடக்கிறது. பழைய வீட்டை இடித்தபோதும் அதை மட்டும் அவர் விடவில்லை; ஆள் வைத்துப் புரட்டிக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். கருங்கல். அதே போர், அதே தண்ணீர், அதே உப்பு. சவுக்காரம், சாம்பல், சீயக்காய், எண்ணெய்ப் பிசுக்கு என்று அது பார்க்காதது இல்லை. துவைத்து முடித்ததும் ஒரு வாளித் தண்ணீர், தேங்காய்நார் கொண்டு ஒரு தேய்ப்பு, பிறகு வெயில். இன்றைக்கும் துணி வழுக்கிக்கொண்டு போகிற மழமழப்பு. அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் பட்டதில்லை. பாலிஷ் போட்டு, லாரியில் ஏற்றி, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசி வாங்கிய கல் உள்ளே பாழாகிக் கிடக்க, யாரும் காசு கொடுக்காத கல் வெளியே ராஜாவாக உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மேஸ்திரி என்ன சொல்வார்?

“அது கருங்கல்லுண்ணா, மார்பிள் வேற” என்றான் தம்பி. வேறுதான். வேறு என்று தெரிந்தவன் எதற்கு ஊற்றினான்? சரி, கிரானைட்டுக்கே வருவோம். கிரானைட் நுரைக்காது, உடனே கரையாது; அதனாலேயே அதன்மேல் இன்னும் துணிச்சலாக ஊற்றுகிறார்கள். ஆசிட் கல்லை விட்டுவிட்டு முதலில் இடுக்குச் சிமெண்டைத் தின்னும். அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் கீழே இறங்கும். கல்லில் இரும்புச் சத்து இருந்தால் மஞ்சளாகப் பூக்கும். ஆவி பட்ட குழாயின் பளபளப்பு கருக்கும், சல்லடை மூடி துருப்பிடிக்கும். அப்புறம் ‘குழாய் மட்டமான கம்பெனி’ என்று கடைக்காரரோடு சண்டை. கடப்பா கல் போட்ட வீடுகள் இன்னும் பாவம். கறுப்பாக இருப்பதால் அதையும் கருங்கல் ஜாதியில் சேர்த்துவிட்டார்கள், அது சுண்ணாம்புக்கல். ஆசிட் பட்டால் மார்பிள் போலவே பொங்கும். சித்தியின் துவைக்கிற கல்லுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அதற்குப் பளபளப்பும் கிடையாது, மேஸ்திரியும் கிடையாது.

ஆசிட்டுக்குப் பயந்தவர்கள் எலுமிச்சம்பழத்துக்குப் போகிறார்கள். இயற்கை முறையாம். எலுமிச்சையும் வினிகரும் அமிலம்தான். மார்பிளை மெதுவாகத் தின்னும், அவ்வளவே வித்தியாசம். இன்னும் சில அறிவாளிகள் எலுமிச்சைச் சாற்றையும் சமையல் சோடாவையும் கலந்து ஊற்றச் சொல்கிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். ஆனால் நுரை வருகிறதே! நம் மக்களுக்கு நுரை வந்தால் போதும். பல் விளக்கினாலும் நுரை, தலைக்குக் குளித்தாலும் நுரை. அதிகம் நுரைக்காத சீயக்காயில் இத்தனை தலைமுறை தலை சுத்தமாக இருந்ததை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

தாஜ்மகாலும் மார்பிள்தான், மக்ரானா மார்பிள். தொழிற்சாலைப் புகையும் அமில மழையும் அதை அரிக்கும் என்று வழக்கு நடந்து, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சுற்றுவட்டார ஆலைகளை நிலக்கரியை விடு, இல்லை இடத்தைக் காலி செய் என்றது. வானத்திலிருந்து விழும் இத்தனூண்டு அமிலத்துக்கு அவ்வளவு பெரிய தீர்ப்பு. நாம் கதவைச் சாத்திக்கொண்டு குளியலறைக்குள்ளேயே அமில மழை பெய்விக்கிறோம். தீர்ப்புச் சொல்ல மேஸ்திரி இருக்கிறார். மஞ்சள் பாரித்த தாஜ்மகாலைத் தொல்லியல் துறை எதனால் சுத்தம் செய்கிறது தெரியுமா? முல்தானி மட்டியால். குழைத்துப் பூசி, காயவிட்டு, கறையை மண் உறிஞ்சிக்கொண்டதும் கழுவி எடுக்கிறார்கள். வீக்கத்துக்கு நம் பாட்டி போட்ட பற்றுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

வீட்டிலும் அதையே செய்யலாம். எண்ணெய் இறங்கிக் கறுத்த இடத்தில் சமையல் சோடாவைத் தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, ஓரத்தை ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டுச் சுரண்டுங்கள். போகாவிட்டால் மறுபடி. கல்லின்மேல் நான்கு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் அந்த இடம் கறுத்தால் கல் குடிக்கிறது என்று பொருள், சீலர் பூசும் வேளை வந்துவிட்டது. ஆசிட் ஏற்கெனவே தின்றுவிட்ட பளபளப்புக்குப் பற்றும் உதவாது, சீலரும் உதவாது. வைரப் பட்டை போட்டு முரட்டிலிருந்து நைஸ்வரை படிப்படியாகத் தேய்க்கும் பாலிஷ்காரர்தான் கதி. அவரும் ஆக்சாலிக் ஆசிட் பவுடர் போடுகிறாரே என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். என்ன போடுகிறோம், எவ்வளவு போடுகிறோம் என்று அவருக்குத் தெரியும். மற்றபடி குளித்து முடித்ததும் வைப்பரால் ஒரு இழுப்பு. தண்ணீர் தேங்கிக் காய்ந்தால்தானே உப்பு? துவைக்கிற கல் சரிவாகக் கிடக்கிறது, தண்ணீர் நிற்பதே இல்லை. குளியலறைத் தரைக்கு ஒழுங்காக வாட்டம் கொடுக்காத மேஸ்திரிதான் பிறகு வந்து ஆசிட் ஊற்றச் சொல்கிறார்.

தண்ணீரைப் பற்றிப் பேசினால் தர்மபுரிக்காரனுக்கு வயிறு எரியும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. பிள்ளைகளின் பல்லிலேயே காவிக்கறை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், 2013-இல் திறப்பு. காவிரி குடிக்கக் கிடைத்தது, குளிக்க இன்னும் போர்தான். கறை பிடித்த பல்லுக்கும் ஆசிட் கொப்பளிக்கச் சொல்லாமல் மேஸ்திரிகள் இதுவரை விட்டுவைத்திருப்பது நம் பாக்கியம்.

இது குளியலறையோடு நின்றால் நான் எழுதவே மாட்டேன். பழையது மங்கலாக இருந்தால் பொறுக்காத வியாதி கோயில்வரை போயிருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் கற்சுவர்மேல் மணலைப் பீய்ச்சி அடித்து, ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டைத் தேய்த்துத் தள்ளிய கோயில்கள் தமிழ்நாட்டில் எத்தனை! தடை வருவதற்குள் எழுத்து போய்விட்டது. எங்கள் மாவட்டம் நடுகல் மாவட்டம். வட்டெழுத்தோடு வயல்வெளியில் நூற்றாண்டுகள் நனைந்து காய்ந்தும் படிக்க முடிகிற கற்கள் பல தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஊருக்குள் மாட்டிக்கொண்ட சில நடுகல் வீரர்களுக்கோ எனாமல் பெயிண்ட் அடித்து, மீசைக்குக் கறுப்பு, உதட்டுக்குச் சிவப்பு. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. மங்கலாகத்தான் இருக்கின்றன. யாரும் ‘புதுசாக்க’ ஏணியோடு வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

கல்லையாவது மாற்றிக்கொள்ளலாம், ஆளை மாற்ற முடியுமா? வேலைக்கு வரும் அம்மாக்கள் கையுறை இல்லாமல், செருப்பில்லாமல், ஜன்னல் சாத்திய அறையில் இந்த ஆசிட் ஆவியை இழுக்கிறார்கள். ஆசிட் ஊற்றிய இடத்திலேயே வாடை போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் தூவுகிற வீடுகள் உண்டு. அப்போது வருவது குளோரின் வாயு, முதல் உலகப் போரில் ஆளைக் கொன்றது. ஆசிட்டைக் காலியான குளிர்பான பாட்டிலில் ஊற்றி விற்கிறார்கள், அது தண்ணீர்ப் பாட்டில் பக்கத்திலேயே நிற்கிறது. வாங்குகிறவரின் பெயர், முகவரியைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், பதினெட்டு வயது நிரம்பாதவருக்குத் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. எங்கள் தெருவுக்கு மொபெட்டில் “ஆசிட்டு, பினாயில்” என்று கூவிக்கொண்டு வருபவரிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. பாக்கி வைத்தவர்களின் பெயர் மட்டும் அதில் சுத்தமாக எழுதியிருக்கும்.