சினைச் சிங்கியின் வாலில் ஒரு வெட்டு

முட்டம், கடியபட்டணம், குளச்சல் முதலிய குமரிக் கடற்கரை ஊர்களின் கமிட்டியினருக்கும், சிங்கி இறால் பிடிக்கும் வள்ளத்தாருக்கும், அதைக் கரையில் எடைபோட்டு வாங்கும் வியாபாரிகளுக்கும், அந்தக் கடற்கரையில் பிறந்து இப்போது அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் மீன்வளக் கல்வி பயிலும் மாணவர் ஒருவர் விடுக்கும் மடல் இது. அம்மாநிலக் கரைக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் அப்பால் அட்லாண்டிக் கடலிலுள்ள மான்ஹீகன் தீவை, அங்கேயே சிங்கித் தொழில் செய்யும் மீனவர் ஒருவரோடு சுற்றிப் பார்த்ததில் அறிந்தவையே இதில் உள்ளன. தீவின் கலங்கரை விளக்கத்தையும் ஓவியர்களையும் பற்றிப் பயண நூல்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டதால் அவை இங்கு இடம்பெறவில்லை.

சிங்கி ஓடு கழற்றும் கோடையில் அதன் புதிய ஓடு இளகியிருக்கும், தசையும் குறைவாக இருக்கும், விலையும் இறங்கும் என்பதால், இத்தீவினர் கோடையில் கூடுகளைக் கரையேற்றிவிட்டு, அக்டோபர் முதல் ஜூன் வரை மட்டுமே தொழில் செய்கின்றனர். பருவத்தின் முதல் நாளில் எல்லாப் படகுகளும் ஒன்றாகவே புறப்பட வேண்டும் என்பது ஊர் வழக்கம்; ஒருவருக்கு உடல் நலமில்லை என்றாலோ எந்திரம் பழுதென்றாலோ மற்றவர்களும் காத்திருப்பர்.

கூட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு சிங்கியையும், கண்குழியின் பின்விளிம்பிலிருந்து தலையோட்டின் முடிவு வரை, பித்தளை அளவுகோலால் அளக்கின்றனர். அது சுமார் 83 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலும், 127 மில்லிமீட்டரைத் தாண்டினாலும் கடலுக்கே திரும்புகிறது; பெரியதை விடுவதற்குக் காரணம், உடல் பெருத்த தாய் பன்மடங்கு முட்டையிடும் என்பதே. வயிற்றடியில் சினை ஒட்டியிருக்கும் பெண் சிங்கியின் வால் மடலில் சிறு முக்கோண வெட்டு இட்டு விடுவது அங்குள்ள பழைய முறை. அவ்வடு தெரியும் வரை, சினை உதிர்ந்த பின்னும், எந்தப் படகினரும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. இதைக் காவலர் அச்சத்தால் மட்டும் காக்கின்றனர் எனக் கொள்ள இயலாது; வடுவுள்ள சிங்கியை விற்றவர் என்ற பெயர் எடுத்தவர் அத்துறையில் தொழில் செய்வதே கடினம்.

இவ்விதிகளை அப்படியே குமரிக்கு எடுத்துவருவது அறிவுடைமை ஆகாது. கொடுக்குள்ள மேய்ன் சிங்கியின் குஞ்சுகள் சில வாரங்களே நீரில் மிதக்கின்றன; கொடுக்கற்ற குமரிச் சிங்கியின் கண்ணாடி போன்ற குஞ்சுகளோ மாதக்கணக்கில் நீரோட்டத்தில் அலைகின்றன. ஆகவே ஓர் ஊர் விட்ட சினையின் பலன் அவ்வூருக்கே திரும்பும் என்று எவரும் உறுதி கூற முடியாது. பல ஊர்க் கமிட்டிகள் சேர்ந்து முடிவெடுத்தாலன்றி இதில் பயனில்லை. 2003இல் மத்திய அரசு ஏற்றுமதிச் சிங்கிக்குக் குறைந்தபட்ச எடையை வகுத்தபோதிலும், உள்ளூரில் சிறியதையும் வாங்க ஆளிருக்கும் வரை அந்த வரம்பு வலைக்குள் வந்த சிறு சிங்கியைக் காப்பாற்றாது. கரைமடித் தகராறையும் விசைப்படகுத் தகராறையும் தீர்த்துவைத்த கமிட்டிகளுக்கு, சினைச் சிங்கியை ஏலத்துக்கு வர விடுவதில்லை என்று முடிவு செய்யும் அதிகாரம் இன்றும் உண்டு. அம்முடிவு எடுக்கும் கூட்டத்துக்கு வியாபாரிகளையும் அழைத்தாக வேண்டும்.