ஒருவருக்குத் தெரிகிற முகம் இன்னொருவருக்கு ஏன் தெரிவதில்லை?

பத்து வருஷத்துக்கு முன் சந்தையில் ஒரே ஒரு தடவை பார்த்த ஆளை, இன்று பஸ்ஸில் கண்டதும் அடையாளம் சொல்பவர் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டு வந்தால், "யார் வேண்டும்?" என்று கேட்பவரும் உண்டு!

முதல் ஆளைக் கெட்டிக்காரர் என்கிறோம். இரண்டாவது ஆளைத் தலைக்கனம் பிடித்தவர் என்று ஏசுகிறோம். இரண்டுமே சரியல்ல. முகம் அறியும் திறமைக்கும் புத்திக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. அதை வைத்து ஒருவரின் குணத்தை எடைபோடவும் முடியாது.

மூளையில் தனி இடம்

மூளையின் அடிப்பாகத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. மற்றப் பொருள்களைவிட முகங்களைப் பார்க்கும்போது அது அதிகமாக வேலை செய்கிறது. தலையில் அடிபட்டோ, ரத்தக் குழாய் அடைத்தோ அந்த இடம் கெட்டுப்போனால், கட்டிய மனைவியின் முகம்கூடத் தெரியாமல் போகலாம். அவள் பேசினால் குரலை வைத்துத் தெரிந்துகொள்வார். 1947-ல் ஜெர்மன் டாக்டர் போடமர் இந்தக் குறைக்குப் பெயர் வைத்தார்.

அடி எதுவும் படாமல், பிறவியிலேயே இந்தக் குறை உள்ளவர்களும் இருக்கிறார்கள். நூற்றுக்கு இரண்டு பேர் இருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பு. மூளை நோய்களைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற டாக்டர் ஆலிவர் சாக்ஸ் (2015-ல் காலமானார்) அவர்களில் ஒருவர். எதிரே வந்த தாடிக்காரர் மீது மோதப் போய், மன்னிப்புக் கேட்டாராம். பார்த்தால் அது நிலைக்கண்ணாடி!

இந்தத் திறமை பெரும்பாலும் பிறவியில் வருவது. 2010-ல் வெளியான இரட்டையர் ஆராய்ச்சி இதைக் காட்டியது. ஒரே கருவில் உண்டான இரட்டையரில் ஒருவர் முகங்களை நன்றாக நினைவில் வைத்தால், மற்றவரும் அநேகமாக அப்படியே இருந்தார். தனித்தனிக் கருவில் உண்டான இரட்டையரிடம் அந்த ஒற்றுமை மிகவும் குறைவு.

பழக்கமும் காரணம்

ஆனால் பிறவி மட்டும் காரணமல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர் ஏரிக்கரையில் வளர்ந்தவரையும், ஓசூர் பஸ் நிலையத்தருகே வளர்ந்தவரையும் எண்ணிப் பாருங்கள். கிராமத்தில் தினமும் பார்ப்பது தெரிந்த முகங்கள். தொழில் நகரத்தில் தினமும் புதுமுகங்கள். அமெரிக்காவில் 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆயிரம் பேருக்கும் குறைவான சிற்றூர்களில் வளர்ந்தவர்கள், நகரத்தில் வளர்ந்தவர்களைவிட முகப் பரீட்சையில் குறைவான மதிப்பெண்ணே பெற்றார்கள்.

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் பலர் இருக்கிறார்கள். "அவர்கள் எல்லாரும் ஒரே அச்சு" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. நம்மைப் பார்த்து அவர்களுக்கும் அப்படியே தோன்றும்! பழகாத ஜாடையைப் பிரித்தறிவது எல்லா நாட்டாருக்கும் கஷ்டம். பழகினால் மாறும். சிறு வயதில் பிரான்ஸுக்குத் தத்துப் போன கொரியர்கள், வளர்ந்தபின் பிரெஞ்சு முகங்களையே நன்றாக இனம் கண்டார்கள் என்று 2005-ல் தெரியவந்தது.

தவறினால் என்ன ஆகும்?

இது வெறும் வேடிக்கை விஷயமல்ல. அமெரிக்காவில் தண்டனை பெற்றபின், மரபணுச் சோதனையால் நிரபராதி என்று நிரூபணமானவர்களில் முதல் 375 பேரை எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 69 வழக்குகளில் சாட்சிகள் ஆளைத் தவறாக அடையாளம் காட்டியிருந்தார்கள். அவர்களில் பலர் பொய் சொல்லவில்லை. உண்மை என்று நம்பியே சொன்னார்கள்.

நம் நாட்டிலும் அடையாள அணிவகுப்பு உண்டு. பிடிபட்டவரை அவரைப் போன்ற பலரோடு நிறுத்தி, சாட்சியைக் காட்டச் சொல்கிறார்கள். இது துப்புத் துலக்க உதவும். இதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. முகத்தை ஒப்பிடும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டைத் தமிழகப் போலீஸார் 2021 முதல் பயன்படுத்துகிறார்கள். கம்ப்யூட்டரும் தவறு செய்யும். அது சொல்வதும் துப்புத்தான், தீர்ப்பு அல்ல.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குக் காரில் போன குடும்பத்தைக் குழந்தை கடத்துபவர்கள் என்று எண்ணி ஒரு கூட்டம் தாக்கியது. 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். தெரியாத முகம் என்பதே அவர் செய்த குற்றம்!

ஆகையால், தெரிந்தவர் முகம் திருப்பிக்கொண்டு போனால் கோபிக்க வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். குரல் கேட்டுத் திரும்புவார். போலீஸாரிடம் சாட்சி சொல்ல நேர்ந்தால், சந்தேகம் இருக்கும்போது "சந்தேகம்" என்றே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஒரு நிரபராதியைச் சிறையிலிருந்து காப்பாற்றக்கூடும்.